விழாத பெட்டியின் பாவம்

அண்ணாந்து பார்ப்பதுதான் மனித சுபாவம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீரம்மன் தேர் ஓடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டுத் தொடங்கி வைக்கிறார். கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான கண்களும் அம்மன் மேலும் அலங்காரத்தின் மேலும் இருக்கின்றன. சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்தபடி நடக்கிற ஆளையும், அச்சிலே செருகியிருக்கிற சின்ன ஆணியையும் பார்ப்பவர் யார்? வள்ளுவர் ஒருவர் பார்த்தார். உருவத்தைக் கண்டு எவரையும் இகழாதே, பெரிய தேருக்கு அச்சாணியைப் போன்றவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பிறகும் நாம் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நான் பேசப்போவது அந்த அச்சாணிக்கு இந்தக் காலத்து உறவினன் ஒருவனைப் பற்றி. மூன்று கால், நடுவே ஒரு குழாய், உச்சியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. 'ஸ்டாண்டு' என்று கடைக்காரர்கள் சொல்லுகிற அந்தத் தாங்கியைப் பற்றித்தான். 'இதுவும் எழுதுகிற விஷயமா?' என்று வாசகர்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். தர்ம நியாயம் என்பது பெரிய மனிதர்கள் பெரிய மேடையில் செய்துகொள்ளும் விவகாரம் மட்டும் அல்ல. எந்த ஸ்டாண்டை வாங்குவது என்று கையில் பணத்தை எண்ணிக்கொண்டு கடையில் நிற்கிற ஒரு பையனுடைய நெஞ்சிலும் அது முழு அளவில் நடக்கிறது.

முதலில் இந்தத் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்கோ என்ற சொல் பிரெஞ்சுக்காரர்கள் தந்தது. புத்தகம் சேர்த்து வைக்கும் இடத்துக்கு 'பிப்ளியோதேக்' என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அதே வழியில் இசைத்தட்டு சேர்த்து வைக்கும் இடம் 'திஸ்கோதேக்' ஆயிற்று. அது பிறகு இசைத்தட்டை ஓடவிட்டு ஆடுகிற இடத்துக்குப் பெயராகி, வால் அறுந்து டிஸ்கோ ஆகிவிட்டது. புதுச்சேரிக்கு முதலில் வந்தது பிப்ளியோதேக். இன்று ரோமன் ரோலன் பெயரைத் தாங்கி நிற்கும் நூலகம் 1827 இல் தொடங்கியது. 1954 நவம்பர் 1 ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 ஆம் தேதி சட்டப்படியும் பிரெஞ்சுக்காரர்கள் விடைபெற்றார்கள். பிரான்ஸில் 1982 இல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாளும், டிசம்பர் 31 ஆம் தேதி இரவு கடற்கரைச் சாலையில் கூடும் கூட்டமும் இன்று இந்த ஊருக்குச் சொந்தம். புத்தகத்தைத் தேடி நாம் நூலகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. டிஸ்கோ மட்டும் 'குட்டி யானை' என்று எல்லோரும் செல்லமாகச் சொல்லுகிற சின்ன லாரியில் ஏறி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், காதுகுத்து, கல்லூரி விழா எதுவானாலும் மாலை நாலு மணிக்கு அந்த வண்டி வந்து நிற்கும். இரண்டு பெட்டி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு மேசை, வண்ண விளக்கு, கட்டுக் கட்டாக ஒயர். ஆறு மணிக்கு இசை. இரவு பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும் என்பது 2000 ஆம் ஆண்டு முதல் உள்ள ஒலிக் கட்டுப்பாட்டு விதி. பிறகு எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு மறைந்துவிடும். பெரிய முதலாளிகள் நடத்தும் தொழில் அல்ல இது. இரண்டு சிநேகிதர்கள், ஒரு கடன், ஒரு பழைய மடிக்கணினி. பெரும்பாலும் இவ்வளவுதான் மூலதனம்.

ஸ்டாண்டு இல்லாமல் ஒலி ஊருக்கு எப்படிக் கேட்டது என்ற கேள்விக்கு நம் ஊரில் பழைய பதில் ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1915 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் ஒலிபெருக்கியின் மூலம் பெருங்கூட்டத்துக்குப் பாட்டும் பேச்சும் கேட்க வைத்தார்கள். அந்தக் கருவி நம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது தென்னை மரம் அதைத் தோளில் ஏந்திக்கொண்டது. மரம் இல்லாத இடத்தில் சவுக்குக் கழியைக் குழி தோண்டி நட்டு, அதன் நுனியில் குழாய் ஸ்பீக்கரைக் கயிற்றால் இறுக்கினார்கள். மரத்துக்கு வேர் இருந்தது. கழிக்குக் குழி இருந்தது. குழாயோ சில கிலோதான். பூமியே பொறுப்பு ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது.

இன்று பெட்டி பதினைந்து கிலோ, இருபது கிலோ, இருபத்தைந்து கிலோ என்று கனக்கிறது. கல்யாண மண்டபத்தின் பளிங்குத் தரையில் குழி தோண்ட முடியாது. ஆகவே வேரும் இல்லாமல் குழியும் இல்லாமல், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு மூட்டை அரிசிக்குப் பாதி எடையை மூன்று மெல்லிய கால்களின் மேல் நிறுத்துகிறோம். கீழே குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள்.

'பெட்டியைத் தரையிலேயே வைத்துவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். வைத்தால், முன் வரிசையில் ஆடுகிறவர்களின் உடம்பே பாட்டை விழுங்கிவிடும். பின்னால் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்காது. அவர்களுக்காக ஒலியைக் கூட்டினால் முன்னால் இருக்கிற கிழவர் காதைப் பொத்திக்கொள்வார். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் குறைந்த ஒலியில் எல்லோருக்கும் சமமாகக் கேட்கும். ஸ்டாண்டு ஆடம்பரப் பொருள் அல்ல. ஒருவிதத்தில் அது நாகரிகம். அண்டை வீட்டாருக்கும் முன் வரிசைக் கிழவருக்கும் நாம் செய்கிற மரியாதை. ஆனால் அந்த மரியாதையைச் செய்யும்போதே ஓர் அபாயத்தையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துவிடுகிறோம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இந்தத் தொழிலைத் தொடங்கினான். ஸ்டாண்டு வாங்கக் கடைக்குப் போகிறபோது, "மாமா, சும்மா கூட வாங்க. பெரியவங்க ஒருத்தர் பக்கத்தில் நின்னா விலை கொஞ்சம் இறங்கும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கதை எழுதுகிறவனால் உலகத்துக்கு அப்படி ஓர் உபயோகம் இருப்பது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கறுப்புச் சாயம், மூன்று கால், நடுக்குழாயின் விட்டம் இரண்டிலும் முப்பத்தைந்து மில்லிமீட்டர். உலகத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருக்கும் துளைக்கு அதுதான் அளவு. விலைதான் ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. குறைந்த விலை ஜோடியைப் பையன் கையில் எடுத்தான்.

"தம்பி, அது அம்பது கிலோ தாங்கும். அட்டையிலேயே போட்டிருக்கு, பாருங்க."

"என் பெட்டி இருபது கிலோதானே அண்ணே? அப்போ இது போதாதா?"

"போதும். ஆனா சின்னப் பிள்ளைங்க ஓடுற இடத்தில் வைக்காதீங்க."

"சின்னப் பிள்ளைங்க ஓடாத கல்யாணம் எந்த ஊர்ல அண்ணே நடக்குது?"

கடைக்காரர் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அந்த இடத்திலே தொழில் முடிந்து தத்துவம் ஆரம்பமாகிவிட்டது என்பது என் கட்சி.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அட்டையும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சமமான தரையில், கால்களை முழுவதும் விரித்து, பெட்டியை நேராக ஏற்றி, யாரும் தொடாமல், காற்றும் வீசாமல் இருந்தால் அது ஐம்பது கிலோ தாங்கக்கூடும். வாழ்க்கையில் அப்படிப்பட்ட மண்டபம் எங்கே இருக்கிறது? தாங்குவது என்பது ஒரு சங்கதி. தள்ளப்படும்போதும் நிற்பது என்பது வேறொரு சங்கதி. முதலாவதற்கு அட்டையில் எண் இருக்கிறது. இரண்டாவதற்கு எண்ணே கிடையாது. அது கூட்டத்தையும் காற்றையும் நிறுத்தி வைக்கிறவனுடைய புத்தியையும் பொறுத்தது.

மூன்று கால் தாங்கியில் ஒரு ரகசியம் உண்டு. கால் நீண்டிருக்கும் திசையில் அது பலசாலி. இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் திசையில் அதன் பிடிமானம் பாதிதான். ஆகவே அனுபவசாலிகள் கூட்டம் நிற்கும் பக்கமாக ஒரு காலை நீட்டி வைப்பார்கள். சரிவான இடமானால் பள்ளத்தின் பக்கம் ஒரு காலை வைப்பார்கள். கடற்கரை ஊரில் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிவிடுகிறது. சாயங்காலம் இதமாக இருந்த கடற்காற்று, மழைக்கு முன்னால் திடீரென்று குணம் மாறும்போது என்ன செய்யும் என்பதை 2011 டிசம்பர் 30 ஆம் தேதி தானே புயலைப் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. புயலில் யாரும் டிஸ்கோ நடத்துவதில்லை. ஆனால் மொட்டை மாடியில் ஒரு பெட்டியைச் சாய்க்கப் புயல் வரவேண்டிய அவசியமும் இல்லை.

கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டு ஜோடிக்கும் வித்தியாசம் எங்கே இருந்தது? குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. ஒன்றில் கால்கள் சேரும் இடத்து வளையம் வார்ப்பு உலோகம், மற்றதில் பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று பிளாஸ்டிக் வெடிக்கும். ஒன்றில் குழாயின் சுவர் கனமாக இருந்தது, மற்றதில் மெல்லிசு. உப்புக் காற்று குழாயின் உள்பக்கம்தான் முதலில் துரு ஏற்றும். வெளியே சாயம் மினுமினுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றில் உயரத்தை நிறுத்தும் ஆணியைச் சிறு சங்கிலியால் குழாயோடு பிணைத்திருந்தார்கள். மற்றதில் ஆணி தனியாக இருந்தது. தனியாக இருக்கிற ஆணி பத்து நாளில் தொலையும். தொலைந்ததும் அந்தத் துளையில் ஒரு தச்சாணியைச் செருகுவார்கள். தச்சாணி தாங்கும், நூறு இரவு தாங்கும். நூற்றோராவது இரவில் தாங்காமல் போனால் குழாய் சடாரென்று உள்ளே இறங்கும். பெட்டி அதிர்ந்து சாயும்.

அந்த நூறு இரவுகளைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. நூற்றோராவது இரவில் பெட்டி விழுந்து ஒரு குழந்தைக்குக் காயம் பட்டால், தச்சாணி செருகியவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விழாத நூறு இரவுகளில் அவன் யார்? நல்லவனா?

ஆங்கிலேயப் பேராசிரியர் கிளிஃபோர்டு 1877 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது, பிழைப்பைத் தேடி அயல்நாடு போகும் ஏழைக் குடும்பங்கள் அதில் ஏறப்போகின்றன. கப்பல் தாங்குமா என்று முதலாளிக்கே சந்தேகம். சோதித்துப் பார்த்தால் செலவாகும். 'எத்தனையோ முறை போய்த் திரும்பிய கப்பல்தானே. கடவுள் கைவிடமாட்டார்' என்று மெல்ல மெல்லத் தன்னையே சமாதானம் செய்துகொள்கிறான். உண்மையாகவே நம்பியும் விடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் இன்ஷ்யூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறான். இதுவரை சாதாரணக் கதை. இதற்கு அப்பால் கிளிஃபோர்டு கேட்கிறார்: அந்தக் கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால் அவன் குற்றம் குறையுமா? எள்ளளவும் குறையாது என்பது அவர் தீர்ப்பு. குற்றம் கடலில் நடக்கவில்லை. சந்தேகத்தைக் கழுத்தை நெரித்துக் கொன்ற அந்த அறையில் நடந்துவிட்டது.

சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1 ஆம் தேதி முதல் நடப்பில் உள்ள நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டினால், அலட்சியத்தால் பிறர் உயிருக்கு அபாயம் உண்டாக்கினால் மூன்று மாதம் வரை சிறை. காயம் பட்டால் ஆறு மாதம் வரை. கொடுங்காயமானால் மூன்று வருஷம் வரை. உயிரே போனால் ஐந்து வருஷம் வரை. அலட்சியம் ஒன்றேதான். தச்சாணியும் ஒன்றேதான். குழந்தை ஓர் அடி தள்ளி நின்றதா, கிட்டே நின்றதா என்பதில் ஒருவனுடைய ஐந்து வருஷம் அடங்கியிருக்கிறது. எதுவுமே விழாத இரவில் போலீஸ்காரர் வந்து ஆணியைப் பார்ப்பதும் கிடையாது.

1976 இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு அறிஞர்கள் இந்தப் புதிரைத்தான் எடுத்துப் பேசினார்கள். ஒருவன் நல்லவனா கெட்டவனா என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டா? இருக்கக்கூடாது என்று அறிவு சொல்லுகிறது. ஆனால் நாம் நடந்துகொள்வதெல்லாம் இருப்பதுபோலத்தான். ஒரே மாதிரி ஓட்டை ஸ்டாண்டு வைத்திருக்கும் இரண்டு பேரில், பெட்டி விழுந்தவனை அடிக்கப் போகிறோம். விழாதவனுக்கு மாலை போட்டு அடுத்த விழாவுக்கும் முன்பணம் கொடுக்கிறோம்.

சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு தச்சாணியையும் தேடிப் பிடிக்க ஆரம்பித்தால் சிறைச்சாலை போதாது. விழுந்ததைக் கொண்டு கணக்குப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. அதனால்தான் சட்டம் போக முடியாத இடத்துக்கு மனச்சாட்சி போகவேண்டியிருக்கிறது. மனச்சாட்சிக்கு வேலையே விழாத பெட்டிகளுக்கு நடுவில்தான். விழுந்த பிறகு அழுவதற்கு மனச்சாட்சி வேண்டாம், பயமே போதும்.

ஆனால் இப்படி ஒரு தீர்ப்பு எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வது சுலபம். எங்கள் தெருப் பையன் அன்று கடையை விட்டு வெளியே வந்து என்னைக் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. "மாமா, நல்லது எதுன்னு எனக்குத் தெரியாதா? காசு யார் கொடுப்பா?" என்று அவன் கேட்டான்.

நியாயமான கேள்வி. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டமான ஜோடி மூவாயிரம். வருஷத்துக்கு அறுபது இரவு வேலை. ஒரே வருஷத்தில் ஆடிப்போகும். இரவுக்கு ஐம்பது ரூபாய் ஆகிறது. நல்ல ஜோடி ஒன்பதாயிரம். பத்து வருஷம் உழைக்கும். இரவுக்குப் பதினைந்து ரூபாய். ஆகவே நல்லதுதான் மலிவு. இந்தக் கணக்கைத் தெருவில் போகிற யாரும் போட்டுக் காட்டுவார்கள். பையனுக்கும் தெரியும். ஆனால் பத்து வருஷத்து மலிவை வாங்க இன்றைக்கே ஒன்பதாயிரம் வேண்டும். அவனிடம் இருப்பது மூவாயிரம். பணம் உள்ளவன் மலிவாக வாழ்கிறான். இல்லாதவன்தான் அதிக விலை கொடுத்து மட்டமானதை வாங்குகிறான். அப்படியானால் நாணயமும் பணக்காரன் வீட்டுச் சொத்துதானா? ஏழையினால் எட்ட முடியாத விலையில் தர்மத்தை வைத்துவிட்டு, எட்டவில்லையே என்று அவனைப் பழிப்பது தர்மமா?

இதை நான் பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றிய பதில் இது.

கடையில் நடப்பது இரண்டு பேர் பேரம் அல்ல. மூன்று பேர் பேரம். விற்கிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன். மூன்றாமவர் அங்கே இல்லை. அது அடுத்த மாதம் யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரப்போகிற குழந்தை. மட்டமானதை வாங்கி மிச்சம் பிடிக்கும் ஆறாயிரம் ரூபாய் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. அந்தக் குழந்தையின் பத்திரத்திலிருந்து, அதைக் கேட்காமல் வாங்கிய கடன். என் வறுமையை நான் தாங்கலாம். என் குடும்பம் தாங்கலாம். இன்னொருவர் குழந்தையின் தலையில் அதை இறக்கி வைக்க எனக்கு உரிமை இல்லை. இதில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வேறு வேறு சட்டம் இருக்க முடியாது.

அதே சமயம் ஏழைக்கு வழியே இல்லை என்பதும் பொய். தன் கையில் உள்ள காசுக்கு நாணயமாகச் செய்யக்கூடிய வேலை எப்போதும் ஒன்று உண்டு. அது நாம் செய்ய ஆசைப்பட்ட வேலையைவிடச் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். நல்ல ஸ்டாண்டைப் பழையதாக வாங்கலாம். வார்ப்பு உலோகமும் கனமான குழாயும் கைமாறினாலும் கெடுவதில்லை. விழா அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். நாலு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டி வைக்கலாம். காற்று அடிக்கிற இடத்தில் உயரத்தைக் குறைத்து, காலின் மேல் மணல் மூட்டை வைக்கலாம். மணலுக்குக் கடற்கரை ஊரில் பஞ்சமா? ஒயரைத் தரையோடு ஒட்டி, யார் காலும் தடுக்காதபடி செய்யலாம். இவற்றில் பலவற்றுக்குக் காசு வேண்டாம், குனிய வேண்டும். எல்லாம் செய்தும் முடியாத இடத்தில், 'இது என்னால் முடியாது' என்று சொல்லலாம். விலை குறைவாக இருப்பது பாவம் அல்ல. சின்ன விலைக்குப் பெரிய வாக்குக் கொடுப்பதுதான் பாவம்.

பையன் அப்படித்தான் செய்தான். வேறு இடத்தில், ஒருவர் உபயோகித்து விற்ற நல்ல ஜோடி ஒன்றை வாங்கினான். கடனில் வாங்க எண்ணியிருந்த மற்ற இரண்டு பெட்டிகளையும் விட்டுவிட்டான். பெரிய மண்டபம் என்றால், "இரண்டு பெட்டிதான் இருக்கு சார், கடைசி வரிசைக்குக் கேட்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். முதல் மாதத்தில் வந்த இரண்டு பெரிய வேலைகள் இதனால் கை நழுவின. அந்த இரண்டும் வேறு ஒருவருக்குப் போயின. அங்கேயும் எதுவும் விழவில்லை; நன்றாகவே நடந்தன என்று கேள்வி. நாணயத்துக்கு உடனே பரிசு கிடைக்கிற கதையை நான் எழுதியிருப்பேன், உலகம் எழுதவில்லை.

கதை என்றதும் எங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு ஏதாவது விழ வேண்டும். பெட்டி விழ வேண்டும்; குடும்பம் விழ வேண்டும்; மனிதன் விழ வேண்டும். எதுவும் விழாத இரவை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியன் ஒரு தொடர்கதையை நகர்த்துவான்? 'அன்று இரவு ஸ்டாண்டு நின்றது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்' என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் வாழ்க்கையின் நன்மையில் பெரும்பகுதி இந்த எழுதப்படாத இரவுகளில்தான் இருக்கிறது. யாரோ ஒருவன் குனிந்து ஆணியைப் பார்த்ததனால் நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி கிடையாது, செய்தி கிடையாது, நன்றி சொல்ல ஆளும் கிடையாது. காப்பாற்றப்பட்ட குழந்தைக்கே தெரியாது. யாருக்கும் தெரியாமல் போகிற இந்த நன்மையைச் செய்வதற்கு, தெரிந்து செய்கிற தானத்தைவிட அதிக மனவலிமை வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, இந்த வழக்கில் இதுவரை நாம் கூண்டில் ஏற்றாத ஒருவர் பாக்கி இருக்கிறார். அவர் நாம்தான்.

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்த தகப்பனார் மைக் செட்டுக்காரரோடு பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? பூ அலங்காரத்தில் அவர் பேரம் பேசுவதில்லை; நாலு பேர் பார்ப்பார்கள். விளக்கில் பேசுவதில்லை, புகைப்படத்தில் வரும். சாப்பாட்டில் பேசினால் சம்பந்தி வீட்டார் குறை சொல்வார்கள். பாட்டுக்காரன் வந்ததும், "என்னப்பா, பக்கத்துத் தெருவில் ஆயிரம் குறைச்சுக் கேட்கிறானே!" என்கிறார். அந்தப் பையன் என்ன செய்வான்? ஒத்துக்கொள்கிறான். குறைந்த ஆயிரத்தை அவன் எங்கிருந்து எடுப்பான்? வண்ண விளக்கிலிருந்து எடுக்க முடியாது, கண்ணுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து எடுக்க முடியாது, காதுக்குத் தெரியும். கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது துணி சுற்றி மறைத்த அந்த மூன்று காலும், அதன் நடுவில் இருக்கிற ஆணியும். நாம் பேரம் பேசிக் குறைத்த ஆயிரம், தச்சாணியாக மாறி, நம் வீட்டுக் குழந்தையின் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது.

பேரம் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்காரன் பேரம் பேசாமல் பிழைக்க முடியாது. எதில் குறைப்பது என்பதில் புத்தி வேண்டும். நாலு பெட்டி வேண்டாம், இரண்டு போதும் என்று குறைக்கலாம். புகை விடும் யந்திரம் வேண்டாம் என்று குறைக்கலாம். வேண்டிய வேலையைச் சுருக்கிக்கொண்டு விலையைக் குறைப்பது சிக்கனம். அதே வேலையைக் கேட்டுக்கொண்டே விலையை மட்டும் குறைப்பது, நமக்குத் தெரியாமல் எதையோ திருடிக்கொள்ளும்படி அடுத்தவனுக்கு அனுமதி கொடுப்பது. திருடியது அவன் கை. அதைத் தள்ளிவிட்டது நம் நாக்கு.

அடுத்த முறை கல்யாண வீட்டில் பாட்டு முழங்கும்போது, எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். கால்கள் நன்றாக விரிந்திருக்கின்றனவா? ஒயர் தரையோடு ஒட்டியிருக்கிறதா? துளையில் இருப்பது அதற்கென்று செய்த ஆணிதானா? சரியாக இருந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நல்லா நிறுத்தியிருக்கே, தம்பி" என்று சொல்லுங்கள். பாட்டு நன்றாக இருந்தது என்று அவனிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.